கையுறைக்குள் வேகும் கைகள்

விடியற்காலை நாலரை மணிக்கே கம்பம், கூடலூர், தேவாரம், போடி வட்டாரங்களில் ஜீப்புகளின் ஹாரன் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். கையில் தூக்குச்சட்டியும் மடியில் வெற்றிலையுமாக ஆண்களும் பெண்களும் நெருக்கியடித்து ஏறுவார்கள். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய மலைப்பாதைகள் வழியே அவர்கள் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களை அடையும்போது பொழுது நன்றாக விடிந்திருக்கும். மாலையில் மறுபடியும் அதே ஜீப், அதே கொண்டை ஊசி வளைவுகள். வண்டன்மேட்டிலும் போடியிலும் ஏலம் போகும் காயில் பெரும் பங்கு இவர்களுடைய கைபட்டு வருவதுதான்.

இவர்களில் மருந்தடிக்கும் வேலைக்குப் போகிறவர்களிடம் கையுறையைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும். கொடுத்தார்கள், போட்டோம், அரை மணியில் கை வெந்துவிட்டது, கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டோம். மேஸ்திரி இதை அலட்சியம் என்று திட்டுவார். அதில் பாதிதான் நியாயம். வெப்பம் கையுறையைத் தாங்க முடியாததாக்குகிறது. அதே வெப்பம் கையுறையின் காப்புச் சக்தியையும் குறைக்கிறது. உள்ளே இருக்கும் தோலையும் விஷம் எளிதில் புகும்படி இளக்கிவிடுகிறது. தொழிலாளியின் அனுபவம் முதலாவதைச் சரியாகவே சொல்கிறது. மற்ற இரண்டும் கண்ணுக்குத் தெரியாதவை.

வடக்கே இன்னொரு எல்லை இருக்கிறது. பாலக்காடு மாவட்டத்தின் கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம், வேலந்தாவளம் சாவடிகளைத் தாண்டினால் சித்தூர் தாலுகா. அங்கே முதலமடை வட்டாரத்து மாந்தோப்புகள். நாட்டின் பிற பகுதிகளில் மா முற்றுவதற்கு முன்பே இங்கே காய் சந்தைக்கு வந்துவிடும். பூ எடுத்தது முதல் காய் இறக்கும் வரை தத்துப்பூச்சிக்கென்றும் நோய்க்கென்றும் மருந்தடிப்பு நடக்கும். மலைத்தொடர் விட்டுக்கொடுத்த பாலக்காட்டுக் கணவாய் வழியே தமிழ்நாட்டுச் சமவெளியின் உலர்காற்று நேரே உள்ளே வருவதால், கேரளத்திலேயே அதிகம் கொதிக்கும் இடங்களில் ஒன்று இது. 2024 ஏப்ரலில் பாலக்காட்டில் வெப்பம் 41 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. வானிலை இலாகா வெப்ப அலை எச்சரிக்கையே விடுத்தது.

தோல் வழியே

பூச்சிமருந்து என்றால் மூக்கைப் பொத்துவதே நம் வழக்கம். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டால் போதும் என்று நினைப்பவர்கள் ஏராளம். உண்மையில், மருந்தடிப்பவரின் உடலில் சேரும் விஷத்தில் பெரும் பகுதி தோல் வழியாகவே போகிறது. அதிலும் கைகளுக்கே முதலிடம்.

1971-ஆம் ஆண்டில் அமெரிக்க டாக்டர்கள் சிலர் மனிதத் தோலில் வெவ்வேறு இடங்களில் பாரத்தியான் என்ற மருந்தை மிகச் சிறிய அளவில் தடவி, எவ்வளவு உள்ளே போகிறது என்று அளந்தார்கள். முன்கையில் தடவியதில் நூற்றுக்குச் சுமார் 9 பங்கு உடலில் சேர்ந்தது. உள்ளங்கையில் 12 பங்கு. புறங்கையிலோ 21 பங்கு. தலையில் 32, நெற்றியில் 36, அக்குளில் 64. ஆண்களின் விதைப்பைத் தோலில் தடவியது ஏறக்குறைய முழுவதும் உள்ளே போய்விட்டது.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு தோட்டத்து வழக்கங்களைப் பார்த்தால் வயிறு கலங்கும். மருந்து பட்ட கையால் நெற்றி வியர்வையை வழிக்கிறோம். கையைக் கழுவாமல் சிறுநீர் கழிக்க ஒதுங்குகிறோம். முதுகில் சுமக்கும் ஸ்பிரேயரின் மூடி ஒழுகி முதுகும் இடுப்பும் நனைந்தாலும், வியர்வையோடு வியர்வையாக அதையும் விட்டுவிடுகிறோம்.

எல்லாரையும்விட ஆபத்தில் இருப்பவர் குழாயைப் பிடிப்பவர்கூட அல்லர். பேரலில் மருந்து கலப்பவர். 25 சதவீத மருந்து ஒன்றை லிட்டருக்கு 2 மில்லி வீதம் கலப்பதாக வைத்துக்கொள்வோம். 200 லிட்டர் பேரலுக்கு 400 மில்லி. டப்பாவுக்குள் இருக்கும் மருந்து, செடியில் விழும் மருந்தைப்போல 500 மடங்கு வீரியமுள்ளது. ஆகவே, கலப்பவரின் விரலில் வழியும் ஒரு சொட்டில் இருக்கும் விஷம், தெளிப்பவரின் மேல் தெறிக்கும் 500 சொட்டில் இருக்கும் விஷத்துக்குச் சமம். கலப்பதற்குக் குச்சி கிடைக்காமல் முழங்கை வரை பேரலுக்குள் விட்டுக் கலக்குகிறவர்களும் உண்டு.

வெயில் ஏறினால்

வெப்பத்தின் வேலையை நேரடியாக மனிதர்களிடம் அளந்த சோதனை ஒன்று 1963-ல் அமெரிக்காவில் வெளியாயிற்று. முன்வந்த சிலருடைய கையையும் முன்கையையும் பாரத்தியான் தூளில் வைத்திருக்கச் செய்து, சுற்றுப்புற வெப்பத்தை மட்டும் படிப்படியாக மாற்றினார்கள். பிறகு அவர்களுடைய சிறுநீரைச் சோதித்தார்கள். தூள் அதேதான், கையும் அதேதான். வெப்பம் ஏற ஏற, சிறுநீரில் வெளிவந்த விஷத்தின் கழிவும் கூடிக்கொண்டே போயிற்று.

காரணம் எளிது. வெயிலில் உடல் சூட்டைத் தணிக்க ரத்தத்தைத் தோலுக்கு அதிகமாக அனுப்புகிறது. தோலைக் கடந்த மருந்தை அந்த ரத்தம் உடனே வாரிக்கொண்டு போகிறது. அன்றியும் வியர்வையில் ஊறிய தோலின் மேலடுக்கு உப்பி, இடைவெளி விட்டு, மருந்துக்கு வழி கொடுக்கிறது. நெடுநேரம் துணி துவைத்தவர்களின் விரல்நுனி வெளுத்துச் சுருங்கிக் கிடப்பதைப் பார்த்திருப்போம். கையுறைக்குள் இரண்டு மணி நேரம் இருந்த கையும் அப்படித்தான் இருக்கும். 1997-ல் ஐரோப்பாவில் புரொபாக்ஸர் என்ற மருந்தைக் கொண்டு செய்த ஆராய்ச்சியும், தோலின் ஈரம் கூடினால் உட்செல்லும் மருந்தும் கூடுகிறது என்றே காட்டிற்று.

ஓட்டை இல்லாமலே உள்ளே

இனிக் கையுறை. ரப்பரில் ஓட்டை இல்லாதவரை ஒன்றும் உள்ளே வராது என்பது பலருடைய நம்பிக்கை. தண்ணீருக்கு அது சரி. பூச்சிமருந்துக்குச் சரியல்ல. மருந்தும், அதைக் கரைத்து வைத்திருக்கும் சைலீன் போன்ற திரவங்களும் ரப்பருக்குள்ளேயே மெல்லக் கரைந்து, ஊர்ந்து, மறுபக்கம் வந்து சேரும். வெளியே கிழிசலும் இராது, உள்ளே ஈரமும் தெரியாது. எவ்வளவு நேரத்தில் வந்து சேருகிறது என்பதைக் கொண்டுதான் கையுறையைத் தரம் பிரிக்கிறார்கள். ஐரோப்பியத் தர அளவில் 10 நிமிஷம் தாங்கினால் முதல் படி. 480 நிமிஷம், அதாவது எட்டு மணி நேரம் தாங்கினால் ஆறாவது படி.

இந்தச் சோதனையை வழக்கமாக 23 டிகிரி வெப்பத்தில் செய்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அது ஆய்வுக்கூடத்தின் குளுமை. சித்தூர் தாலுகாவில் மார்ச் மாதத்து முற்பகல் அப்படி இருப்பதில்லை. வெப்பம் கூடினால் மருந்து ரப்பருக்குள் ஊரும் வேகமும் கூடும்; டப்பாவில் எழுதிய நேரம் குறையும். எவ்வளவு குறையும் என்பது மருந்துக்கு மருந்து, ரப்பருக்கு ரப்பர் மாறும். ஆனால் குறைகிற திசையில்தான் மாறும், கூடுகிற திசையில் ஒருநாளும் மாறாது.

"ஏலமலை குளிர்ந்த இடமாயிற்றே" என்று கேட்கலாம். வெளியே 22 டிகிரி இருந்தாலும் கையுறைக்குள் இருப்பது மனிதனுடைய சூடான கை. ஓஸைத் தூக்கிக்கொண்டு சரிவில் ஏறி இறங்குபவரின் கையுறைக்குள் காற்றோட்டமே கிடையாது. உள்புறம் உடல் சூட்டுக்கு ஏறிவிடும். நிழல் மரங்களுக்கடியில் காற்று அசையாத ஈரப்புழுக்கம் வேறு. மலையின் குளிரும் இப்போது பழைய குளிராக இல்லை. 2024 கோடையில் இடுக்கியில் ஏலச்செடிகளே வாடிக் கருகியதைத் தோட்டத்தார் அறிவார்கள்.

கடையில் கிடைப்பதெல்லாம் மருந்தடிக்கும் கையுறை ஆகிவிடாது. டாக்டர்கள் போடும் மெல்லிய வெள்ளைக் கையுறை கண்ணாடித் தாளைவிடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவே. எண்ணெய்ப் பதமான மருந்துக்கு அது நெடுநேரம் நிற்காது. நூல் கையுறையும் தோல் கையுறையும் மருந்தைக் குடித்து, கையோடு ஒட்ட வைத்து, நாள் முழுவதும் ஒத்தடம் கொடுப்பவை. உள்ளே பஞ்சு ஒட்டிய ரப்பர் கையுறையிலும் இதே தொல்லை. ஒருமுறை உள்ளே மருந்து புகுந்தால் அந்தப் பஞ்சைக் கழுவ முடியாது. நைட்ரைல் என்ற செயற்கை ரப்பரில், சுமார் 0.4 மில்லிமீட்டர் கனத்தில், முழங்கைக்குப் பாதி வரை நீளும் கையுறையே பெரும்பாலான மருந்துகளுக்குப் பொருத்தமானது. பூச்சிமருந்துக்கென்றே 2019-ல் சர்வதேசத் தர அளவு ஒன்று வந்திருக்கிறது. அதன்படி ஜி1 என்று முத்திரையிட்டது கலந்த மருந்தை மட்டும் தெளிப்பவருக்கு. டப்பா மருந்தைக் கையாள்பவருக்கு ஜி2. எஸ்டேட் ஆபீஸில் சாமான் பட்டியல் எழுதும் கணக்குப்பிள்ளைகளும் ரைட்டர்களும் "ரப்பர் கையுறை, ஒரு டஜன்" என்று பொதுப்படையாக எழுதாமல், இந்த விவரத்தோடு எழுதினால் செலவு சற்றுக் கூடும். ஆனால் வாங்குவது பயன்படும்.

அழுக்குக் கையுறை

கையுறை விஷயத்தில் மிக மோசமான நிலை எது? வெறுங்கை என்றுதான் யாரும் சொல்வார்கள். அதைவிட மோசமானது, உள்ளே மருந்து புகுந்த கையுறையைக் கழற்றாமல் போட்டிருப்பது. வெறுங்கையில் பட்ட மருந்து கொஞ்சம் காற்றோடு போகும். தண்ணீர் கண்ட இடத்தில் கொஞ்சம் கழுவப்படும். கையுறைக்குள் புகுந்தது எங்கும் போக வழியில்லை. சூடு, வியர்வை, மூடாக்கு ஆகிய மூன்றும் சேர்ந்து அதைத் தோலுக்குள் அழுத்துகின்றன.

எப்படிப் புகுகிறது? வேர்க்கிறதென்று பத்து நிமிஷம் கழற்றுகிறோம். பீடி பற்றவைக்கிறோம். மருந்து பட்ட விரலை மறுபடியும் கையுறைக்குள் நுழைக்கிறோம். இதைவிட எளிய வழி தேவையில்லை. ஆகவே, கழற்றுவதற்கு முன்னால், கையில் போட்டிருக்கும்போதே கையுறையின் வெளிப்புறத்தை ஸோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். பிறகு கழற்றி, கைகளையும் ஸோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். மறுபடி போடும்போது கை சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும். கறை போகட்டும் என்று மண்ணெண்ணெயிலோ பெட்ரோலிலோ கை கழுவுகிறவர்கள் தோலில் இயற்கையாக உள்ள எண்ணெய்ப் பசையையும் கழுவிவிட்டு, அடுத்த மருந்துக்குக் கதவைத் திறந்து வைக்கிறார்கள்.

ரப்பருக்குள் ஏற்கெனவே ஊறிய மருந்து ஸோப்புக்கு அசையாது. மாலையில் பளிச்சென்று கழுவித் தொங்கவிட்ட கையுறைக்குள் அது இரவெல்லாம் மெல்ல நகர்ந்து, காலையில் உள்பக்கம் வந்து காத்திருக்கும். கிழியும் வரை ஒரே ஜோடியை ஓட்டுவது இதனால்தான் ஆபத்து. டப்பா மருந்து கலக்கப் பயன்பட்ட ஜோடியை விரைவாகக் கழித்துவிடுவதே நல்லது. வெயில் காலத்தில் ஆளுக்கு இரண்டு ஜோடி இருந்தால், ஒன்று உலரும்போது மற்றதைப் போட்டுக்கொள்ளலாம். கழுவியதை நிழலில் உலர்த்த வேண்டும். ஜீப்பின் முன்கண்ணாடிக்கடியில் வெயிலில் கிடந்தால் ரப்பர் இறுகி வெடிக்கும். வேலைக்கு முன் உள்ளே தண்ணீர் ஊற்றி, மணிக்கட்டைப் பிடித்து அழுத்திப் பார்த்தால் ஊசித்துளையும் தெரிந்துவிடும்.

சட்டைக் கை உள்ளேயா, வெளியேயா என்பது சின்ன விஷயம்போல் தோன்றும். முதலமடையில் மருந்தை மேல் நோக்கி, மரத்தின் உச்சிக்கு அடிக்கிறார்கள். கை உயர்ந்திருப்பதால் வழியும் மருந்து மணிக்கட்டிலிருந்து முழங்கை நோக்கி ஓடும். அங்கே சட்டைக் கையைக் கையுறைக்குள் செருகி, கையுறையின் விளிம்பை வெளிப்பக்கம் மடித்துவிட வேண்டும். ஏலத்தில் தட்டையின் அடியிலும் சரத்திலும் அடிக்கும்போது கை தாழ்ந்திருக்கும். அங்கே சட்டைக் கை கையுறைக்கு மேலே வெளியில் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் கையுறை, மருந்தைப் பிடித்து வைக்கும் பை ஆகிவிடும்.

காய் எடுக்கும் பெண்கள்

மருந்தடிப்பவர்களைப் பற்றியாவது பேச்சு நடக்கிறது. அடித்த தோட்டத்தில் பிறகு இறங்குகிற பெண்களைப் பற்றிப் பேச்சே இல்லை. ஏலக்காய் எடுப்பது விரல்நுனி வேலை. பக்குவமான காயை மட்டும் தடவிப் பார்த்துக் கிள்ள வேண்டும். தடித்த ரப்பரைப் போட்டுக்கொண்டு அது நடவாது என்பதால் வெறுங்கையே வழக்கம். சரம் தரையோடு கிடப்பதால் குனிந்தும் குந்தியும் நாள் முழுவதும் இலையிலும் தட்டையிலும் உரசிக்கொண்டே எடுக்க வேண்டும். காலைப் பனியில் இலையில் உலர்ந்த மருந்து மறுபடியும் நனைந்து கையில் ஒட்டும். பகல் ஏறியதும் வியர்வை சேரும். அந்தக் கையோடுதான் தூக்குச்சட்டி திறக்கப்படும். வீட்டில் கைக்குழந்தையும் தூக்கப்படும்.

2019-ஆம் ஆண்டுத் தர அளவில் இவர்களைப் போன்றவர்களுக்கென்றே ஜி.ஆர். என்ற மூன்றாவது வகை இருக்கிறது. உள்ளங்கையிலும் விரல்நுனிகளிலும் மட்டும் காப்புப் பூசி, புறங்கையில் காற்று வர விட்டிருப்பார்கள். உலர்ந்த அல்லது பாதி உலர்ந்த மருந்துக்கு மட்டுமே அது ஆகும். தெளிப்பவர் அதைப் போடக்கூடாது. இந்தப் பெண்களுக்குக் கையுறையைவிடப் பெரிய காப்பு, இடைவெளிதான். மருந்தடித்த பாத்தியில் எத்தனை நாள் கழித்து இறங்கலாம் என்பது டப்பாவோடு வரும் தாளில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எந்தப் பாத்தியில் என்றைக்கு அடித்தார்கள் என்பதைச் சூப்பர்வைசர் காய் எடுப்பவர்களிடம் சொல்ல வேண்டும். ஜீப்பில் வந்து இறங்குபவர்களுக்கு வேறு வகையில் அது தெரிய வழியில்லை.

வெயிலா, விஷமா?

மருந்தடித்தவர் பகல் பதினொரு மணிக்குத் தலை சுற்றுகிறது, வாந்தி வருகிறது என்று உட்காருகிறார். "வெயில்தான், மோர் குடி" என்கிறார்கள். பல நாள் அது வெயிலாகவே இருக்கும். சில நாள் இராது. தலைவலி, குமட்டல், சோர்வு, கொட்டும் வியர்வை ஆகியவை இரண்டிலும் பொது. ஆனால் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு வித்தியாசமும் உண்டு. வெயிலில் தளர்ந்தவருக்கு வாய் உலர்ந்திருக்கும். நாடி வேகமாக ஓடும். குயினால்பாஸ், புரபெனோபாஸ் போன்ற பாஸ்பரஸ் வகை மருந்து ஏறியவருக்கு வாயில் எச்சில் ஊறி வழியும், கண்ணீர் வடியும், வயிறு கலங்கிப் பேதியாகும், நாடி மெதுவாகலாம், கருமணி ஊசிமுனையாகச் சுருங்கலாம், தசை துடிக்கும். அப்படிப்பட்டவரை நிழலில் படுக்க வைத்துக் காத்திருப்பது உயிருக்கு ஆபத்து. உடனே உடைகளைக் களைந்து, ஸோப்பும் தண்ணீருமாக உடம்பு முழுவதையும் கழுவி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். கழுவுபவரும் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். அட்ரோபின் என்ற மாற்று மருந்து இருக்கிறது. நேரத்தோடு போய்ச் சேர்ந்தால் அது காப்பாற்றும்.

2017-ல் மகாராஷ்டிர மாநிலம் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். அதே ஆண்டில் நம் பெரம்பலூர் மாவட்டத்திலும் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் உயிரிழந்தார்கள். 2019 ஜனவரியில் கேரளத்துத் திருவல்லா அருகே நெல்வயலில் மருந்தடித்த இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். இவர்களில் யாரும் மருந்தைக் குடித்தவர்கள் அல்லர், வேலை செய்தவர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

1968-ஆம் ஆண்டுப் பூச்சிமருந்துச் சட்டத்தின் கீழ் 1971-ல் வகுத்த விதிகளில், மருந்தைக் கையாளும் ஒவ்வொருவருக்கும் காப்பு உடை வேண்டும் என்று இருக்கிறது. திரவம் ஊடுருவாத, முன்கையில் பாதி வரை நீளும் கையுறை என்று அளவு முதற்கொண்டு சொல்லியிருக்கிறார்கள். பாஸ்பரஸ் வகை மருந்துகளோடு வேலை செய்பவரின் ரத்தத்தை மாதம் ஒருமுறை சோதிக்க வேண்டும் என்றும் அதே விதிகளில் உண்டு. இன்றைக்கு இந்தத் தோட்டம், நாளைக்கு அந்தத் தோட்டம் என்று ஜீப் போகிற இடத்துக்குப் போகும் தினக்கூலிக்கு அந்த ரத்தச் சோதனையை யார் செய்வார்கள் என்று விதிகள் சொல்லவில்லை.

வெயிலுக்கும் ஓர் உத்தரவு உண்டு. கோடை தொடங்கியதும் கேரளத் தொழில் இலாகா ஆண்டுதோறும் வேலை நேரத்தை மாற்றுகிறது. வெயிலில் நின்று வேலை செய்வோருக்குப் பகல் 12 மணி முதல் 3 மணி வரை ஓய்வு தர வேண்டும். பாலக்காட்டுத் தோப்புகளில் இதை உரிமையோடு கேட்கலாம். ஆனால் கடல் மட்டத்துக்கு 3000 அடிக்கு மேற்பட்ட, சூரியத் தாக்குதலுக்கு இடமில்லாத பகுதிகளுக்கு விலக்கு அளித்திருக்கிறார்கள். ஏலமலையில் பெரும் பகுதி அந்த உயரத்துக்கு மேலே இருக்கிறது. விலக்கு எழுதியவர்கள் வெயிலை மட்டும் கணக்கிட்டார்கள்; ரப்பரும் பிளாஸ்டிக்குமாகப் போர்த்திக்கொண்டு சரிவில் ஏறுபவரின் புழுக்கத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. அங்கே மருந்தடிப்பைக் காலை பத்து மணிக்குள் முடிப்பது முதலாளியின் மனத்தைப் பொறுத்ததாகவே இருக்கிறது. செடிக்கும் அதுதான் நல்லது. உச்சி வெயிலில் தெளித்த மருந்தில் ஒரு பகுதி ஆவியாகவும் காற்றோடும் போய்விடுகிறது.

எல்லைக்கே உரிய தொல்லை ஒன்று பாக்கி. கேரளத்தில் விற்கும் டப்பாவின் தாளில் மலையாளம் இருக்கும். தமிழ் மட்டும் படித்தவருக்கு அது பயன்படாது. ஆனால் டப்பாவில் உள்ள முக்கோணத்துக்கு மொழி வேண்டாம். சிவப்பு என்றால் கடும் விஷம். மஞ்சள், நீலம், பச்சை என்று கடுமை குறையும். 2011-ல் கேரளம் போரேட், மோனோகுரோட்டோபாஸ், புரபெனோபாஸ் முதலிய பல மருந்துகளுக்குத் தடை விதித்தது. தடை செய்த மருந்துகள் மலைப்பாதை வழியே கொண்டுவரப்பட்டுப் பிடிபட்டதாகப் பலமுறை செய்தி வந்திருக்கிறது. அப்படி வருவது சில சமயம் சோடா பாட்டிலிலும் வெற்று டின்னிலும் வரும். முக்கோணமும் இராது, பெயரும் இராது. பெயர் தெரியாத மருந்தைக் கலக்க மாட்டேன் என்று சொல்ல எந்தத் தொழிலாளிக்கும் உரிமை உண்டு.

மயங்கியவரை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகும்போது மருந்து டப்பாவை, அல்லது அதன் தாளையாவது, ஒரு பையில் கட்டி உடன் கொண்டுபோக வேண்டும். இரு மாநிலங்களிலும் ஆம்புலன்ஸுக்கு 108. டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியில் உள்ள தேசிய விஷத் தகவல் மையத்தின் கட்டணமில்லாத எண் 1800 116 117. டாக்டர் முதலில் கேட்பது எந்த மருந்து என்பதைத்தான். மலையாளத்தில் பதில் சொல்ல வராதவர் டப்பாவை எடுத்துக் காட்டலாம்.